ஒரே ஒரு மாநிலத்தை வைத்து ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி? இலினாய் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

என் மாலை வகுப்புக்கு ஆங்கிலம் படிக்க வருகிற பெரியவர்களில் பலருக்கு இலக்கணம் ஓரளவு தெரியும். பள்ளியில் பத்து வருடம் படித்ததுதானே. ஆனால் "ஏதாவது பேசுங்கள்" என்றால் பெயர், ஊர், குடும்பம், வேலை என்று நாலு வாக்கியத்தில் பேச்சு நின்றுவிடும். சொல்வதற்குக் கையில் விஷயம் இல்லாததால்தான் பேச்சு நிற்கிறது என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அதன் ஆறுகள், கட்டடங்கள், அங்கே வாழ்ந்த மனிதர்கள், நடந்த சம்பவங்கள் எல்லாவற்றையும் ஆறு வாரம் விடாமல் பேசுகிறோம். ஐம்பது மாநிலங்களின் தலைநகரங்களை மனப்பாடம் செய்தவரைவிட, ஒரு மாநிலத்தை நன்றாகத் தெரிந்துகொண்டவர் அதிகம் பேசுகிறார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

நான் எடுப்பது சிகாகோ இருக்கும் மாநிலம். நம் செய்தித்தாள்களில் இல்லினாய்ஸ் என்று எழுதுவார்கள். அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது படியில் வருகிறது. பிள்ளைகள் அங்கே இருப்பதால் போய்வரப் போகிறவர்களுக்கு இது நேரடியாகவே உதவும். போகாதவர்களுக்கும் நல்ல பயிற்சி.

தேவையானவை ஒரு நாற்பது பக்க நோட்டு, குரலைப் பதிவு செய்யும் வசதியுள்ள போன், தினமும் அரை மணி நேரம். அவ்வளவுதான்.

படி 1: வரைபடத்தைக் கையால் வரையுங்கள்

அச்சடித்த வரைபடம் வேண்டாம். நீங்களே வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வடகிழக்கு மூலையில் மிச்சிகன் ஏரி. மேற்கு எல்லை முழுக்க மிசிசிப்பி ஆறு. தெற்கே ஒஹையோ ஆறு. மாநிலத்தின் நடுவே குறுக்காக ஓடி மிசிசிப்பியில் கலப்பது இலினாய் ஆறு. ஏரிக் கரையில் சிகாகோவுக்கு ஒரு புள்ளி, நடுவில் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு புள்ளி. சிகாகோதான் தலைநகர் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை.

இந்தப் படத்தை வைத்தே நமக்கு மிகவும் தகராறு கொடுக்கும் 'தி' என்ற சின்னச் சொல்லைப் பழகிவிடலாம். தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அதனால் நாம் ஒன்று அதை எல்லா இடத்திலும் போடுகிறோம், அல்லது எங்கேயும் போடுவதில்லை. விதி எளிது. ஆற்றுப் பெயருக்கு முன்னால் 'தி' வரும். மாநிலப் பெயருக்கு வராது. 'லேக்' என்று தொடங்கும் ஏரிப் பெயருக்கும் வராது. அதனால் 'லேக் மிச்சிகன்', ஆனால் 'த சிகாகோ ரிவர்'.

இந்த மாநிலத்தில் இன்னும் சுவாரசியமான ஒன்று உண்டு. 'இலினாய்' என்று மட்டும் சொன்னால் மாநிலம். 'தி இலினாய்' என்றால் ஆறு. மிசிசிப்பிக்கும் அப்படியே, அந்தப் பெயரில் தனியாக ஒரு மாநிலமும் இருக்கிறது. ஒரு சின்னச் சொல் ஒரு மாநிலத்தை ஆறாக மாற்றிவிடுகிறது என்று பார்த்தபிறகு, அதை யாரும் அலட்சியமாக விடுவதில்லை.

உச்சரிப்பையும் சேர்த்தே பழகுங்கள். உயிரொலிக்கு முன்னால் 'தி', மெய்யொலிக்கு முன்னால் 'த'. தி ஒஹையோ, தி இலினாய், த மிசிசிப்பி. பத்து முறை உரக்கச் சொல்லுங்கள்.

படி 2: பெயர்களை வாய்க்குப் பழக்குங்கள்

இந்த மாநிலத்தின் பெயரில் கடைசி 'எஸ்' ஒலிக்காது. பழங்குடி மக்களின் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எழுத்தில் எழுதிவைத்ததன் மிச்சம் அது. 'இலினாய்' என்று சொல்லி நிறுத்த வேண்டும். கடைசி அசையில்தான் அழுத்தம். இனி இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

சிகாகோவின் முதல் ஒலி 'ஷி'. 'சிக்கன்' என்னும்போது வரும் 'ச்சி' கிடையாது. லிங்கன் பெயரில் இரண்டாவது 'எல்' எழுத்தில் இருக்கும், வாயில் வராது. டெஸ் பிளெய்ன்ஸ் என்று சிகாகோ பக்கத்தில் ஒரு ஊர் இருக்கிறது. அதுவும் பிரெஞ்சுப் பெயர்தான், ஆனால் அங்கே கடைசி 'எஸ்' ஒலிக்கும். விதியைத் தேடினால் கிடைக்காது, காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

மாநிலத்தின் தென்கோடியில், ஒஹையோவும் மிசிசிப்பியும் கூடும் இடத்தில் ஒரு ஊர். எகிப்தின் தலைநகரத்தைப் போலவே எழுதுவார்கள். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'கேரோ'. கிரேக்கத் தலைநகரின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அதை 'ஏய்தன்ஸ்' என்கிறார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே வெளியூர்ப் பெயர்கள் தடுமாறும் என்று தெரிந்துகொள்வது நல்லது. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் பாதி குறையும். 'இந்தப் பெயரை எப்படிச் சொல்வீர்கள்?' என்பதற்கு 'ஹவ் டு யூ ப்ரனவுன்ஸ் திஸ் நேம்?' என்று கேட்கலாம். அங்கே போகிறவர்கள் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி இது.

படி 3: ஒரு கட்டடத்தை எடுத்து எண்களைப் பழகுங்கள்

எண்களில்தான் நம் ஆங்கிலம் சட்டென்று தடுக்கும். வில்லிஸ் டவரை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 1,451 அடி, 110 மாடி. 1973-லிருந்து கால் நூற்றாண்டு அளவுக்கு உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கு இருந்தது. பிறகு மலேசியாவின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் அதைத் தாண்டின.

முதலில் 'ஃபுட்', 'ஃபீட்' இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் உயரத்தைச் சொல்லும்போது 1,451 'ஃபீட்'. அதே எண் கட்டடத்துக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் 1,451-'ஃபுட்' டவர். பன்மை அங்கே மறைந்துவிடும். பத்து ரூபாய் நோட்டு, மூன்று வயதுக் குழந்தை, நூறு மாடிக் கட்டடம் என்று எதைச் சொன்னாலும் இதே விதிதான்.

அடுத்தது மாடிக் கணக்கு. அமெரிக்காவில் தரைத்தளமே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. நாம் முதல் மாடி என்பது அங்கே 'செகண்ட் ஃப்ளோர்'. மருத்துவமனையில் லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்திவிட்டு நிற்கிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். இந்தக் கட்டடத்தில் பார்வையாளர் தளம் 103-ஆவது மாடியில் இருக்கிறது. அங்கே 2009-இல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளைப் பொருத்தினார்கள். அதில் நின்று காலுக்குக் கீழே தெருவைப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, 'யூஸ்ட் டு'. இந்தக் கட்டடத்தின் பழைய பெயர் சியர்ஸ் டவர். 2009-இல் பெயர் மாறியது. ஊர்க்காரர்கள் பலர் இன்றைக்கும் பழைய பெயரையே சொல்கிறார்கள், நாம் சென்னையில் மவுண்ட் ரோடு என்று சொல்வதைப் போல. 'முன்பு அப்படி அழைத்தார்கள்' என்பதற்கு 'இட் யூஸ்ட் டு பி கால்ட் த சியர்ஸ் டவர்'. இந்த ஒரு வாக்கிய அமைப்பு வந்துவிட்டால் பழைய வீடு, பழைய வேலை, பழைய பழக்கம் எல்லாவற்றையும் பேசிவிடலாம்.

இந்தக் கட்டடத்தின் பொறியாளரைச் சொல்லாமல் நகர முடியாது. ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929-இல் டாக்காவில் பிறந்தவர். 1952-இல் இலினாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். உயரமான கட்டடத்துக்குப் பெரிய எதிரி காற்று. அதைத் தாங்க, ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியது போல இந்தக் கட்டடத்தை அமைத்தார். ஒன்பது தீப்பெட்டிகளை நெருக்கி நிறுத்திப் பாருங்கள், தனித்தனியாக ஊதினால் விழுபவை சேர்த்து வைத்தால் அசையாது. ஒன்பதும் உச்சிவரை போகவில்லை. இரண்டு 50-ஆவது மாடியிலும், இரண்டு 66-ஆவது மாடியிலும், மூன்று 90-ஆவது மாடியிலும் நின்றுவிட, இரண்டு மட்டும் மேலே போகின்றன. தீப்பெட்டிகளை மேசையில் வைத்து இதை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள். கையில் பொருள் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். கட்டடத்தின் அருகே ஒரு தெருமுனைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

மக்கள்தொகையையும் இங்கேயே முடித்துவிடலாம். 2020 கணக்கெடுப்பில் இலினாயில் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர். அமெரிக்கரிடம் லட்சமும் கோடியும் செல்லாது. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஆகவே 12.8 மில்லியன். ஒரு லட்சம் என்பது 'ஹன்ட்ரட் தவுசன்ட்'. இதை ஒரு வாரம் தினமும் மாற்றிப் பழகுங்கள்.

படி 4: ஒரு சம்பவத்தைக் கதையாகச் சொல்லுங்கள்

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிகாகோவின் டெகோவன் தெருவில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. மழையில்லாத மாதங்கள், மர வீடுகள், மரத்தாலான நடைபாதைகள், பலத்த காற்று. தீ ஆற்றைத் தாண்டியது. 10-ஆம் தேதிதான் அடங்கியது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஊரில் மூன்றில் ஒருவருக்கு வீடில்லை என்று அர்த்தம். 1869-இல் கல்லால் கட்டிய தண்ணீர்க் கோபுரம் தப்பியது. இன்றும் மிச்சிகன் அவென்யூவில் நிற்கிறது.

கொட்டகை கேத்தரின் ஓலீரி என்ற அயர்லாந்துப் பெண்மணியுடையது. அவர் மாடு விளக்கை உதைத்துத் தள்ளியதால்தான் தீ பிடித்தது என்று பத்திரிகைகளில் ஒரு கதை கிளம்பியது. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்தப் பழியோடுதான் அவர் வாழ்ந்து இறந்தார். 1997-இல்தான் நகர மன்றம் அவர்மீது குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது. தீ தொடங்கிய அதே இடத்தில் இன்று தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது.

இந்தக் கதையை ஐந்து வாக்கியத்தில் சொல்லுங்கள். இரண்டு பிழைகளை மட்டும் கவனியுங்கள்.

முதல் பிழை, 'இல்' என்ற நம் ஒரே உருபு. 1871-இல், அக்டோபரில், தெருவில் என்று நாம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் ஆண்டுக்கும் மாதத்துக்கும் 'இன்', குறிப்பிட்ட நாளுக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'. தெருவுக்கும் 'ஆன்' என்றே அமெரிக்கர்கள் சொல்வார்கள். நகரத்துக்கு 'இன்'. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் படிக்கட்டாக நினைத்துக்கொண்டால் மறக்காது.

இரண்டாவது, 'ஹேஸ் பீன்'. "கோபுரம் 1869-இல் கட்டப்பட்டது" என்பதை 'ஹேஸ் பீன் பில்ட் இன் 1869' என்று சொல்கிறோம். அலுவலகக் கடிதங்களிலிருந்து வந்த பழக்கம் இது என்பது என் எண்ணம். ஆண்டையோ தேதியையோ சொல்லிவிட்டால் 'ஹேஸ்' வரவே கூடாது. 'வாஸ் பில்ட்' போதும். வாஸ் பில்ட், வாஸ் டெஸ்ட்ராய்ட், வாஸ் ரீநேம்ட் ஆகிய மூன்றும் தெரிந்தால் உலகில் எந்தக் கட்டடத்தின் கதையையும் சொல்லலாம்.

ஒலிக்கு ஒரு துணைப் பயிற்சி. புனித பேட்ரிக் நாளையொட்டி ஒவ்வோர் ஆண்டும் சிகாகோ ஆற்றுக்குப் பச்சைச் சாயம் போடுகிறார்கள், 1962-இல் தொடங்கிய வழக்கம். 'சாயம் போட்டார்கள்' என்பதற்கும் 'இறந்தார்கள்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி, 'டைட்'. எழுத்துதான் வேறு. வாக்கியம் முழுவதையும் கேட்டால்தான் அர்த்தம் பிரியும்.

படி 5: மனிதர்களுக்கு அதிக நேரம் கொடுங்கள்

இரண்டு வாரம் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். கட்டடங்களைவிட மனிதர்களைப் பற்றித்தான் பேச்சு நீளும்.

ஆபிரகாம் லிங்கனோடு ஆரம்பியுங்கள். அவர் இலினாயில் பிறக்கவில்லை. 1809-இல் கென்டக்கியில் பிறந்து, இண்டியானாவில் வளர்ந்து, 1830-இல் குடும்பத்தோடு இங்கே வந்தார். நியூ சேலம் என்ற சின்னக் குடியேற்றத்தில் கடை வேலை, தபால் வேலை, நில அளவை. 1837-இல் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து வக்கீல் ஆனார். 1844-இல் வாங்கிய வீடுதான் வாழ்நாளில் அவருக்குச் சொந்தமாக இருந்த ஒரே வீடு. இன்றும் அதைப் பார்க்கலாம். 1861 பிப்ரவரி 11 அன்று ரயிலேறி வாஷிங்டன் போனார். உயிரோடு திரும்பவில்லை. ஓக் ரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதியின் முன்னால் ஒரு வெண்கலத் தலை இருக்கிறது. வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு மூக்கு மட்டும் பொன்னாக மின்னும்.

ஆங்கிலம் படிக்கிற பெரியவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. தன்னைப் பற்றி 1860-இல் எழுதிக்கொடுத்த குறிப்பில், தான் பள்ளிக்குப் போன நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது என்கிறார் லிங்கன். 23 வயதுக்குப் பிறகுதான் ஆங்கில இலக்கணம் படித்தேன், அதுவும் அரைகுறையாகத்தான் என்றும் எழுதியிருக்கிறார். தாய்மொழியே ஆங்கிலமாக இருந்தவர், வயது வந்த பிறகு இலக்கணப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 'இந்த வயதில் எனக்கு வருமா' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

அடுத்து ஜேன் ஆடம்ஸ். 1860-இல் வடக்கு இலினாயின் சீடர்வில்லில் பிறந்தவர். 1889-இல் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து, சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், யூதர் என்று வேலை தேடி வந்த மக்கள். அவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டார்கள், பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு நடத்தினார்கள். நாள் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு வந்து பாடம் கேட்டவர்கள் அவர்கள். ஆடம்ஸுக்கு 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது, அதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சிகாகோ போனால் உயரமான கட்டடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை முதலில் பாருங்கள் என்பேன்.

இப்போது இலக்கணம். தமிழில் "சீடர்வில்லில் பிறந்த ஜேன் ஆடம்ஸ்" என்று பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த விவரம் பெயருக்குப் பின்னால் போகும்: 'ஜேன் ஆடம்ஸ், ஹூ வாஸ் பார்ன் இன் சீடர்வில்'. எத்தனை நீளமான தமிழ்ப் பெயரெச்சமாக இருந்தாலும், முதலில் ஆளைச் சொல், பிறகு 'ஹூ', பிறகு மற்றதெல்லாம். இந்த ஒன்று கைவந்துவிட்டால் பேச்சில் பெரிய மாற்றம் தெரியும்.

'ஃபிரம்' என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் முடித்துவிடாமல், பிறந்தார், வளர்ந்தார், குடிவந்தார், விளையாடினார் என்று வினைகளைப் பிரித்துப் பழகுங்கள். வால்ட் டிஸ்னி 1901-இல் சிகாகோவில் பிறந்தார். கவிஞர் க்வென்டலின் புரூக்ஸ் கன்சாஸில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தார், 1950-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர். மைக்கேல் ஜோர்டன் நியூயார்க்கின் புரூக்லினில் பிறந்தவர், சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணிக்காக ஆடி ஆறு முறை கோப்பை வென்றவர். ஒரு புதிர்க் கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: இலினாயில் பிறந்த ஒரே அமெரிக்க அதிபர் யார்? லிங்கன், ஒபாமா என்று சொல்வார்கள். டாம்பிகோ என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்த ரொனால்ட் ரீகன்தான்.

நம்மவர் ஒருவர். சுப்பிரமணியன் சந்திரசேகர், லாகூரில் பிறந்த தமிழர், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1983-இல் இயற்பியல் நோபல், 1995-இல் சிகாகோவிலேயே மறைந்தார். இவரை வைத்து 'இன்', 'ஃபார்' இரண்டையும் பழகலாம்: சேர்ந்த ஆண்டுக்கு 'இன் 1937', பணியாற்றிய காலத்துக்கு 'ஃபார் மோர் தென் ஃபிஃப்டி இயர்ஸ்'.

படி 6: தெரிந்த தமிழை ஆங்கிலத்தில் படியுங்கள்

ஓரளவு முன்னேறியவர்களுக்கான படி இது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து பணியாற்றிய ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 'யாயும் ஞாயும்' பாடல் நமக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். முதலில் நீங்களே அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'ஞாய்' என்பதற்கு, 'செம்புலப் பெயல் நீர்' என்பதற்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதிவையுங்கள். அப்புறம் அவருடைய மொழிபெயர்ப்பைத் தேடிப் படியுங்கள். எவ்வளவு சின்னச் சொற்களால் அவர் அதைச் செய்திருக்கிறார் என்று பார்க்கும்போது, பெரிய ஆங்கிலச் சொற்களைத் தேடி ஓடும் பழக்கம் குறையும்.

படி 7: ஒரு நிமிடம் நின்று பேசுங்கள்

கடைசி வாரம். எழுதிவைத்துப் படிக்கக் கூடாது. ஒரு துண்டுத் தாளில் ஐந்து சொற்கள் மட்டும், மீதி வாயிலிருந்து வர வேண்டும். தலைப்பு உங்கள் விருப்பம்.

நான் முதலில் கொடுக்கும் தலைப்பு விவேகானந்தர். 1893 செப்டம்பர் 11, சிகாகோவின் சர்வசமயப் பேரவை. அது நடந்த கட்டடம்தான் இன்றைய சிகாகோ கலைக்கழகம், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். அவரை அனுப்பிவைக்க அளசிங்கப் பெருமாளும் சென்னை நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். அன்று காலை அவர் பேசவில்லை. நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டுவிட்டது, காலையில் பேசத் துணிவே வரவில்லை என்று அளசிங்கருக்குப் பிறகு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். மற்றவர்கள் தயாரித்த உரையோடு வந்திருந்தார்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. பிற்பகலில் எழுந்து "அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே" என்று தொடங்கினார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

இதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். முதல் நாள் நாற்பது விநாடியில் முடிந்துவிடும், நடுவில் ஐந்தாறு முறை நின்றும் போகும். கேட்டுப் பார்த்து ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். 'ஹேஸ் பீன்' வந்திருந்தால் அது, 'ஆன்' விட்டுப்போயிருந்தால் அது. மறுநாள் அதே தலைப்பு, அடுத்த பிழை. ஐந்தாம் நாள் பதிவை முதல் நாள் பதிவுக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஓலீரி அம்மாவின் மாடு, லிங்கனின் மூக்கு, ஒன்பது தீப்பெட்டிகள் என்று நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம்.